மச்சான் பார்த்த கணக்கு

அத்தியாயம் 14

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் படிப்பவர்கள் அதற்குள் காபியை ஆற்றிக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் மாதப்பனுக்கு, அறுபத்தொரு லட்சம் ரூபாய் வருமான வரி கட்டச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. வந்து நான்கு வாரம் ஓடிவிட்டது. அவருக்குத் தெரிந்ததோ எட்டு நாளைக்கு முன்புதான். லாரி வாங்க லோன் கேட்டபோது பேங்கில் மூன்று வருட ரிட்டர்ன் கேட்டார்கள். அதை எடுப்பதற்காக மருமகள் எழிலரசி வருமான வரி இணையதளத்தை முதல் முறையாகத் திறந்தாள். இலாகா அனுப்பிய நான்கு நோட்டீஸ்களும் கடைசி ஆர்டரும் வரிசையாக நின்றன. எல்லாமே ஒரு மெயிலுக்குப் போயிருந்தன. அந்த மெயில் மாதப்பனுடையது அல்ல, அவர் மனைவி செல்லியின் அண்ணன் ராஜாமணியுடையது.

ராஜாமணியை ஊரே ஆடிட்டர் என்றுதான் கூப்பிடும். பதினாறு வருடமாகக் கடைவீதியில் பாதிப் பேருக்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிறார். பி.காம். படித்தவர், ஆடிட்டர் பரீட்சை எழுதியவர் அல்ல. அதை யாரும் கேட்டதும் இல்லை, அவராகச் சொன்னதும் இல்லை. கம்ப்யூட்டரில் ரிட்டர்ன் தட்டத் தெரிந்த எவரையும் நம் பக்கத்தில் ஆடிட்டர் ஆக்கிவிடுகிறோம். டாக்டர் விஷயத்தில் மட்டும் சட்டம் பேசுவோம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ராஜாமணியின் மகள் காவியாவைத்தான் மாதப்பன் மகன் பூவரசன் கட்டியிருக்க வேண்டும். முறைப்பெண். அவன் எழிலரசிதான் வேண்டும் என்று நின்றான். அன்று மாதப்பன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு எடுக்க முடியாமப் போச்சு மச்சான். ஆனா மண்டிக் கணக்கு என்னைக்கும் உங்க கையிலதான்" என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் மச்சான் மனசு கோணும் என்று பயம்.

அப்பீல் போட முப்பது நாள். நாளை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் போடாவிட்டால் முதலில் பேங்க் கணக்கில் கை வைப்பார்கள், அப்புறம் மண்டி, அப்புறம் வீடு. யாரை வைத்துப் போடுவது என்பது இன்றைக்குள் முடிவாக வேண்டும். எழிலரசி தர்மபுரியில் ஒரு சி.ஏ. பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். எழிலரசி டிபன் கேரியரை எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

செல்லி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஒரு காதில் தன்னுடைய போன். இன்னொரு கையில், மாதப்பன் சார்ஜில் போட்டுவிட்டுப் போன போன். அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு... ஒம்போது... அப்புறம் ரெண்டு சைபரு... ஏழு... மூணு. ஆமா, அவ்ளோதான்."

"கேஸா அத்தை?" என்று கேட்டாள் எழிலரசி. சிலிண்டர் கொண்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நம்பர் சொன்னால்தான் இறக்குகிறார்கள்.

செல்லி சட்டென்று திரும்பினாள். "உம்" என்றாள். போனை மருமகள் கையில் கொடுத்தாள்.

"மாமாகிட்ட குடுத்துடு. ஏன் எழிலு, இன்னைக்காச்சும் உங்க மாமாவ எங்கண்ணங்கிட்ட ரெண்டு வார்த்தை நல்லபடியா பேசச் சொல்லேன். எட்டு நாளா அவரு போன் பண்ணா எடுக்கறதில்லையாம். பதினாறு வருசமா கணக்குப் பாத்த மனுசன். வெளியில தலை காட்ட முடியலன்னு அழுவறாரு."

கணக்கைப் பார்த்தாரா என்பதுதானே கேள்வி அத்தை என்று வாய் வரை வந்துவிட்டது. எழிலரசி அதை விழுங்கிக்கொண்டு கேரியரைத் தூக்கினாள். இந்த வீட்டில் அவள் ராஜாமணியைப் பற்றி எதைச் சொன்னாலும், காவியா வாழ வேண்டிய வீட்டுக்கு வந்தவள் பேசுகிறாள் என்றுதான் ஆகும். ஏழு வருடமாக அவள் பட்ட பாடு அது.

மண்டியில் ஏலம் ஓய்ந்து, வண்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாதப்பன் மேசையில் எழிலரசிக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன். பக்கத்தில் பூவரசன், ஒரு வாரமாகத் தூங்காத முகத்தோடு.

"அப்பா, ஓசூர்ல இருந்து வந்திருக்காரு. கன்சல்டன்ஸி. இந்த மாதிரி கேஸே நூத்துக்கணக்குல முடிச்சிருக்காங்களாம்."

ஓசூர்க்காரர் சிரித்தார். "அறுபத்தொண்ணு எல்லாம் ஒரு அமௌண்டே இல்ல சார். ஆறு லட்சத்துல முடிச்சிடலாம். உள்ள நமக்கு ஆள் இருக்கு. நீங்க பண்ண வேண்டியது, இன்னைக்கு மூணு லட்சம். வேலை முடிஞ்சதும் மூணு. அப்பீல் கிப்பீல்னு அலைய வேண்டியதில்ல."

"நாளைக்குத்தாங்க கடைசி நாளு" என்றார் மாதப்பன்.

"அதெல்லாம் பேப்பர்ல சார். நான் ஒரு போன் போட்டா அப்படியே நிக்கும்."

எழிலரசி கேரியரை வைத்தாள். "மூணு லட்சத்துக்கு ரசீது தருவீங்களாங்க?"

"மேடம், இதுக்கெல்லாம் யாராவது ரசீது குடுப்பாங்களா?" என்று அவர் பூவரசனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சரி, இலாகாவுக்கு எழுதற பேப்பர்ல யாரு கையெழுத்துப் போடுவீங்க? நீங்களா?"

"சார்தான் போடுவாரு. நாங்க எல்லாம் பின்னாடி இருந்து வேலை பாக்கறவங்க."

"நீ கொஞ்சம் கம்முனு இரு எழிலு" என்றான் பூவரசன். அவன் குரல் உடைந்திருந்தது. கெட்டவன் இல்லை, பயந்துபோனவன். பயந்தவனுக்கு ஆறு லட்சம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழும்.

மாதப்பன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் கேரளா வியாபாரி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கிச் சாக்கின் மேல் கவிழ்த்தார். மேலே அடுக்கியிருந்த பழம் எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. அடியில் இருந்தவற்றைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாலக்கோட்டில் வாங்குகிற எவரும் செய்வது இது. மேல் வரிசையைப் பார்த்து விலை சொல்கிறவனை இங்கே யாரும் வியாபாரி என்று மதிக்க மாட்டார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறன்" என்றார் மாதப்பன். "வந்து அரை மணி நேரம் ஆச்சு. அந்த ஆர்டரை எடுங்க பாக்கலாம்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"எதுக்கு சார்? எல்லா ஆர்டரும் ஒண்ணுதான்."

"கிரேட்டைக் கவுக்காமயே வெலை சொல்றீங்க. எனக்கு ஒத்து வராது. டீ சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

ஓசூர்க்காரர் டீ சாப்பிடவில்லை. கார் கதவை அறைந்து சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா! ஒரு வாரமா அலைஞ்சு கூட்டியாந்தேன்!" பூவரசன் மேசையைக் குத்தினான். "நாளைக்கு இந்நேரம் என்ன பண்ணப் போறீங்க? சொல்லுங்க! விவசாயிங்களுக்கு நாளான்னிக்குப் பணம் குடுக்கணும். கணக்கை முடக்கிட்டா, ஒருத்தன்கூட நம்ம மண்டிக்கு வண்டியைத் திருப்ப மாட்டான். முப்பது வருசப் பேரு ஒரே நாள்ல போயிடும்பா!"

மாதப்பன் வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ராஜாமணி. பச்சை நிற ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். எட்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"மாப்ள" என்றார். உட்காரச் சொல்வதற்காகக் காத்திருந்தார். மாதப்பன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"தப்பு என்மேலதான். ஒத்துக்கறன். ஆனா வெளியாளு எதுக்கு? நானே தவணை வாங்கித் தரேன். மாசாமாசம் கட்டிடலாம். மூணு நாலு வருசத்துல முடிஞ்சிரும். என் சம்பளம்கூட வேணாம் எனக்கு. குடும்ப விசயம் குடும்பத்தோட போவட்டும்."

"தவணைன்னா, அறுபத்தொண்ணையும் கட்டணும்தானே பெரியப்பா?" என்றாள் எழிலரசி. "அந்தப் பணம் நம்ம வருமானமே இல்லியே. நூறு ரூவா வந்தா தொண்ணூறு விவசாயிக்குப் போவுது. பேங்க்ல வந்தது பூராத்தையும் மாமா சம்பாதிச்சதுன்னு எழுதி வச்சிருக்காங்க. இல்லேன்னு சொல்ல யாரும் போகல. நாலு தடவை கூப்பிட்டாங்க. ஒரு தடவையாச்சும் மாமாகிட்ட காட்டினீங்களா?"

ராஜாமணி அவள் பக்கம் திரும்பினார். "பெரிய வாய்தான் உனக்கு. இந்த மண்டிக்கு நான் கணக்கு எழுதறப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்த. நாயம் பேச வந்துட்டா."

"மச்சான்" என்றார் மாதப்பன் மெதுவாக.

"நீங்களே சொல்லுங்க மாப்ள. என் பொண்ணு இந்த எடத்துல நின்னிருந்தா இப்படிப் பேசுவாளா?"

பூவரசன் தலையைக் குனிந்துகொண்டான். மாதப்பன் முகம் கறுத்தது. ஏழு வருடமாக அவர் தூக்கிச் சுமக்கிற மூட்டை அது. மச்சான் அதை இறக்கி மேசை மேல் வைத்துவிட்டார்.

"சரி மச்சான்..." என்று ஆரம்பித்தார். அந்த 'சரி' எங்கே போகிறது என்று எழிலரசிக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா!" அவள் குரல் அவளுக்கே உயர்ந்து கேட்டது. "ஒரே ஒரு தடவை தர்மபுரிக்கு வாங்க. நான் சொன்ன அந்தச் சி.ஏ. பொண்ணைப் பாருங்க. பாத்துட்டு வந்து, பெரியப்பாகிட்டயே குடுங்க. அப்புறம் இந்த விசயத்துல நான் வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா."

"போயி என்ன புண்ணியம்? இனிமே அப்பீல் போட்டாலும் பிரயோசனமில்ல மாப்ள" என்றார் ராஜாமணி அவசரமாக.

"ஏன் பெரியப்பா? நாளைக்கு வரைக்கும் நாள் இருக்குதே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு முறை துடைத்த முகத்தையே இன்னொரு முறையும் துடைத்தார். "சும்மா சொன்னேன். அனுபவத்துல சொன்னேன்."

மாதப்பன் எழுந்தார். "மச்சான், நீங்க வூட்டுக்குப் போங்க. சாப்பிட்டு நாளாச்சு போலிருக்குது. தங்கச்சி கையால சாப்பிட்டுட்டு இருங்க. நான் போயிட்டு வந்துடறேன். வந்து முடிவு சொல்றேன்."

குட்டியானை லோடு வண்டியின் பின்னால் மூன்று சாக்கு மூட்டைகளை ஏற்றினார்கள். இலாகா கேட்ட வருடத்து மண்டிச் சீட்டுகள், யாரிடம் எத்தனை கிரேட் வாங்கியது என்று எழுதியவை. பூவரசன் ஓட்டினான். பாதி வழியில் ஒரே ஒரு முறை, "அந்தப் பொண்ணும் வேலைக்கு ஆவலைன்னா?" என்று கேட்டான். எழிலரசி திரும்பி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மஸ்தான் பாயின் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மஸ்தானின் மகள் சமரீன் அங்கே தனியாகத் தொழில் நடத்துகிறாள். முப்பது வயது இருக்கும். எழிலரசி அவளைக் குருட்டாம்போக்கில் பிடிக்கவில்லை. சி.ஏ. சங்கத்தின் பட்டியலில் அவள் உறுப்பினர் எண்ணைத் தேடிப் பார்த்தாள். அவள் அப்பீல் போட்டுக் கொடுத்த அரிசிக் கடைக்காரர் ஒருவரைத் தேடிப் போய் விசாரித்தாள். அவர், "அந்தப் பொண்ணு இனிக்க இனிக்கப் பேசாது, வேலை பேசும்" என்றார். அது போதும் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது.

சமரீன் வணக்கம் சொன்ன கையோடு கேட்டாள். "ஆர்டர் கொண்டு வந்திருக்கீங்களா அய்யா?"

பதினோரு பக்கத்தையும் படித்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தமும், கீழே பாத்திரம் அடுக்குகிற சத்தமும் கேட்டன. யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டு மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். மேலே இருந்த கட்டை ஒதுக்கிவிட்டு, சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு கட்டு உருவினாள்.

மாதப்பன் மருமகளைப் பார்த்தார்.

"இது யாருங்க அய்யா? 'ரேடியோ', முப்பத்திரண்டு கிரேட்டுன்னு இருக்கு."

"அவரு ஏரியூர் பக்கம். எப்பவும் கையில ரேடியோ வச்சிக்கிட்டு வருவாரு."

"அவர் பேரு?"

மாதப்பன் யோசித்தார். இருபது வருடமாக வருகிற மனிதர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார், இவரும் போய் மொய் எழுதினார். பத்திரிகையில் பெயர் இருந்திருக்கும். "ரேடியோன்னுதாங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார், குரல் இறங்கி.

"இது? 'மிலிட்டரி'. இது, 'வத்தல்மலை நெட்டை'. இது, 'சின்ன மிலிட்டரி'."

"பெரிய மிலிட்டரியோட தம்பிங்க."

பூவரசன் எட்டு நாளில் முதல் முறையாகச் சிரித்துவிட்டான். சமரீன் சிரிக்கவில்லை.

"அய்யா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மைன்னு எனக்குத் தெரியுது. ஆனா அப்பீல்ல 'ரேடியோ'வுக்குப் பணம் குடுத்தேன்னு சொல்ல முடியாது. இவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடிச்சு, ஆதார் வாங்கி, பணம் வாங்கினேன்னு எழுதி வாங்கணும். அது மாசக்கணக்கான வேலை. நாளைக்குள்ள நாம செய்ய வேண்டியது அப்பீலைப் பதிவு பண்றது, அது முடியற வரைக்கும் வசூலை நிறுத்தி வைக்கச் சொல்லி மனு போடறது. அதுக்கே ஒரு பங்கு பணம் கட்டச் சொல்லலாம்."

"ஜெயிச்சிருவோமாங்க?"

"தெரியாது அய்யா. நான் இதுவரைக்கும் நாலு அப்பீல்தான் பாத்திருக்கேன். மூணு நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணு தோத்தது." ஒரு தாளை நகர்த்தினாள். "என் ஃபீஸ் இதுல இருக்கு. நான் செய்யப் போறதும், செய்ய மாட்டேன்கிறதும் இருக்கு. வூட்ல காட்டிட்டுக்கூடக் கையெழுத்துப் போடலாம். ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லணும், ராத்திரி உக்காந்து எழுதணும்ல. அக்கா, பாஸ்வேர்டு சொல்லுங்க. உள்ள ஒரு தடவை பாத்துடறேன்."

எழிலரசி சொன்னாள். கம்ப்யூட்டர் தப்பு என்றது. மறுபடி சொன்னாள். மறுபடியும் தப்பு.

"எப்படிங்க? போன வாரம் நான்தான் மாத்தினேன். பெரியப்பா நம்பரை எடுத்துட்டு மாமா நம்பரைப் போட்டதும் நான்தான்."

"பரவால்ல, புதுசா மாத்திக்கலாம். அய்யா போனுக்கு ஓடிபி வரும்."

மாதப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். மெசேஜைத் திறந்த எழிலரசி அப்படியே நின்றாள். புதிதாக வந்த எண்ணுக்கு மேலே இன்னொரு எண் இருந்தது. அதே இடத்திலிருந்து வந்தது. இன்று காலை எட்டு நாற்பத்து மூன்று. நான்கு, ஒன்பது, இரண்டு பூஜ்யம், ஏழு, மூன்று.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அத்தையும் அந்த "உம்"மும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"சொல்லுங்க அக்கா."

சொன்னாள். கணக்கு திறந்தது. சமரீன் இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அய்யா, இன்னைக்குக் காலையில நீங்க ஏதாச்சும் அனுப்புனீங்களா?"

"நானா? நான் நாலு மணியிலிருந்து மண்டியில இருக்கேங்க. போனே வூட்ல கெடந்துச்சு."

"எட்டு அம்பத்தொண்ணுக்கு இங்க ஒரு பதில் போயிருக்கு. 'கேட்ட வரி சரிதான், ஒத்துக்கறேன்'னு. உங்க பேர்ல."

பூவரசன் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. "யாரு? யாரு பண்ணாங்க?"

மாதப்பன் எழவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டார். "அப்ப... முடிஞ்சுதா?"

"முடியல. இதனால அப்பீல் போடற உரிமை போயிடாது. ஆனா அங்க முதல்ல தூக்கிக் காட்டப் போறது இதைத்தான், நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னு. உங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னா, யார் எப்படிச் செஞ்சாங்கன்னு அப்பீலோட சேத்து எழுதிக் குடுக்கணும். நீங்க கையெழுத்துப் போட்டு."

"பேரு போடணுங்களா?"

"போடணும்."

காலையில் மச்சான் சொன்னது மாதப்பனுக்கு நினைவு வந்தது. இனிமே பிரயோசனமில்ல மாப்ள. மச்சான் முகத்தை இரண்டு முறை துடைத்தது அவருக்கும் இப்போது விளங்கிவிட்டது. வரியை ஒத்துக்கொண்டு தவணையில் விட்டால் நான்கு நோட்டீஸை யாரும் கிளற மாட்டார்கள். தன் தப்பை மூட, மனிதர் மண்டியையே எடுத்துப் போர்த்திவிட்டார்.

"ஏம்மா," என்றார் கெஞ்சலாக, "போனு தொலைஞ்சு போச்சு, எவனோ எடுத்துப் பண்ணிட்டான்னு எழுதிக்கலாமா? பேரு இல்லாம?"

"எழுத மாட்டேன் அய்யா. பொய்னு தெரிஞ்சு என் பேர்ல எதுவும் அனுப்ப மாட்டேன். அப்படித்தான் வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க. ஆர்டரைப் படிச்சதுக்கு ஃபீஸ் வேணாம்."

பூவரசனுக்குக் கோபம் வந்தது. நாளைக்குக் கடைசி நாள், இவள் வேறு ஆளைப் பார் என்கிறாள். ஆனால் மாதப்பன் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். இன்று காலையிலிருந்து இரண்டு பேர் அவருக்கு எல்லாம் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். முடியாது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். அவர் ஃபீஸ் எழுதிய தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு வெள்ளைத் தாள் கேட்டார்.

"எழிலு, மெசேஜைப் பாத்ததும் அப்படியே நின்னியே. யாரு நம்பர் சொன்னதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவளுக்கு அத்தை பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "கேஸ்காரர்னு நெனச்சேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மாதப்பன் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் பேசுகிறவர், இன்றும் அப்படியே மேசை மேல் வைத்தார்.

"செல்லி, காலையில கேஸ் வந்துச்சா?"

"கேஸா? இல்லீங்களே." பிறகு குரல் தாழ்ந்தது. "எழிலு சொல்லிட்டாளா? அண்ணன்தாங்க கேட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் டைம் கேட்டு லெட்டர் போடறேன், மாப்ளகிட்ட சொன்னா வீம்புக்கு வேணாம்பாரு, நீ நம்பரை மட்டும் சொல்லுன்னாரு. நம்ம நல்லதுக்குத்தானேன்னு சொல்லிட்டேங்க. லெட்டர் போயிடுச்சா? டைம் குடுத்துட்டாங்களா?"

எழிலரசி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவன் கேட்டான், தங்கை சொன்னாள். அவ்வளவுதான் அந்த அம்மாளுக்குத் தெரிந்தது.

"ஏங்க, ஏதும் தப்பாயிடுச்சா? அண்ணன் இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் ரசம் ஊத்தினேன். போனைக் குடுக்கட்டுங்களா?"

மாதப்பன் பேனாவைத் திறந்தார். வெள்ளைத் தாளின் தலைப்பில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, ராஜாமணி என்று எழுதினார். பக்கத்தில், என் மனைவியின் அண்ணன் என்று எழுதி அடிக்கோடிட்டார். எழுத்து தெளிவாக விழுந்தது.

"வேணாம் செல்லி. மோர் ஊத்து" என்றார். "அவரு நல்லா சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவிட்டு வந்தப்புறம் குடு. நான் லைன்லயே இருக்கேன்."